நினைவக டம்ப்பை வாசித்தல்: கேள்வி பதில்

கேள்வி: கோப்பில் 12 34 56 78 என்று 4 பைட்டுகளை எழுதினேன். பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாக அச்சிடும் (டம்ப் செய்யும்) ஹெக்ஸ்டம்ப் கருவி அதை 3412 7856 என்று காட்டுகிறது. நினைவகம் கெட்டுவிட்டதா?

பதில்: எதுவும் கெடவில்லை. விருப்பத்தேர்வு ஏதும் தராவிட்டால், ஹெக்ஸ்டம்ப் இரண்டிரண்டு பைட்டுகளைச் சேர்த்து 16 பிட் எண்ணாகக் கருதி அச்சிடும். உங்கள் கணினி லிட்டில் எண்டியன், அதாவது எண்ணின் கடைசிப் பைட்டை முதலில் வைப்பது என்பதால் ஒவ்வொரு இணையும் தலைகீழாகத் தெரிகிறது. பெரிய எழுத்து 'சி' விருப்பத்தைச் சேர்த்தால் பைட்டுகள் இருக்கும் வரிசையிலேயே வரும், வலப்பக்கம் எழுத்துகளும் தெரியும். இல்லாத டிரைவர் பிழையைத் தேடி நானும் இதில் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் எப்போதும் பைட் பைட்டாகப் பார்ப்பதுதான் நல்லதா?

பதில்: அந்த இடத்தில் நிரல் எதை வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நெட்வொர்க் பாக்கெட் என்றால் பைட் பைட்டாகப் பாருங்கள். 32 பிட் ரிஜிஸ்டர்கள் என்றால் நான்கு நான்காக, 64 பிட் கணினியின் ஸ்டேக் (ஃபங்ஷன் அழைப்புகளின் தகவல் அடுக்கப்படும் இடம்) என்றால் எட்டு எட்டாகப் பாருங்கள். ஹெக்ஸ்டம்ப் போன்ற எக்ஸ்எக்ஸ்டி கருவியில் 'ஜி' விருப்பம் குழுவின் அளவையும், 'இ' விருப்பம் லிட்டில் எண்டியன் வாசிப்பையும் தரும். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியின் 'எக்ஸ்' கட்டளையில் 'ஏ' வடிவத்தைக் கேட்டால், ஸ்டேக்கில் கிடக்கும் வெற்று முகவரிகள் எந்த ஃபங்ஷனுக்குள் எத்தனை பைட் தள்ளி இருக்கின்றன என்பதும் உடன் வரும். ஃபங்ஷன் முடிந்ததும் திரும்ப வேண்டிய முகவரிகள் அப்போதே கண்ணில் படும்.

பலரும் கவனிக்காத ஒன்று வரியின் அகலம். 16 பைட்டுக்கு ஒரு வரி என்பது வெறும் வழக்கமே. உங்கள் ஸ்ட்ரக்ட் (பல ஃபீல்டுகளைச் சேர்த்த தரவு அமைப்பு) 24 பைட் என்றால், எக்ஸ்எக்ஸ்டியின் சிறிய 'சி' விருப்பத்தில் 24 என்று கொடுத்துப் பாருங்கள். அரேயின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு வரியாகும். ஒரே ஃபீல்டு மேலிருந்து கீழ்வரை ஒரே நெடுவரிசையில் நிற்கும். ஆயிரம் உறுப்புகளில் ஒன்றின் பாயிண்டர் மட்டும் கெட்டிருந்தாலும், அந்த வரி துருத்திக்கொண்டு தெரியும். வண்ணம் பூசும் கருவிகளைவிட இதுவே எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

கேள்வி: ஒரு கேரக்டரும் ஓர் இன்ட்டும் உள்ள ஸ்ட்ரக்ட் 5 பைட்டுக்குப் பதிலாக 8 பைட் எடுக்கிறது, நடுவில் குப்பை இருக்கிறது.

பதில்: அது கம்பைலர் இட்ட பேடிங், அதாவது நிரப்பு இடைவெளி. 4 பைட் இன்ட் நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும் என்பதால் இடையில் 3 பைட்டுகள் விடப்படுகின்றன. அவற்றில் பழைய மதிப்பு எதுவும் கிடக்கலாம். டீபக் தகவலோடு கம்பைல் செய்து பாஹோல் கருவியை இயக்கினால் அந்த இடைவெளிகளைக் காட்டிவிடும்.

கேள்வி: லினக்ஸ் கெர்னல் டம்ப்பில் எழுத்துப் பகுதி முழுக்க 'கே' என்ற ஆங்கில எழுத்தாகவே இருக்கிறது. ஏன்?

பதில்: அது 6பி என்ற பதினாறடிமான பைட். கெர்னலுக்கு நினைவகம் பிரித்துத் தரும் ஸ்லப் ஒதுக்கியில் பாய்சனிங் (அடையாளப் பைட்டால் நிரப்பும் வசதி) இயக்கப்பட்டிருந்தால், விடுவிக்கப்பட்ட நினைவகம் இந்தப் பைட்டால் நிரப்பப்படும். பாயிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் இது தெரிந்தால், விடுவித்த பிறகும் யாரோ அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றே முதலில் சந்தேகியுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் டீபக் ஹீப்பில் இதே வேலையை டிடி என்ற பைட் செய்கிறது. ஒதுக்கப்பட்டு இன்னும் எழுதப்படாத இடத்துக்குச் சிடி என்ற பைட். சொந்த ஃபர்ம்வேரிலும் இப்படி நிரப்பி வையுங்கள், ஆனால் பூஜ்யத்தால் வேண்டாம்: நிரல் எழுதிய பூஜ்யத்தையும் எவரும் தொடாத பூஜ்யத்தையும் பிரித்தறிய முடியாது.

கேள்வி: நடுவே ஒரு நட்சத்திரக் குறி வருகிறது, வரிகளைக் காணவில்லை.

பதில்: முந்தைய வரியே திரும்பத் திரும்ப வந்தால் ஹெக்ஸ்டம்ப் அவற்றை மடித்துவிடும். 'வி' விருப்பம் எல்லாவற்றையும் காட்டும்.

கேள்வி: சரியாக ஓடியபோது எடுத்த டம்ப்பையும் பிழை வந்தபோது எடுத்ததையும் டிஃப் கருவியால் ஒப்பிட்டால் எல்லா வரிகளும் மாறியதாகவே வருகின்றன.

பதில்: ஒவ்வொரு முறையும் முகவரிகள் இடம் மாறுவதே காரணம். இரண்டு ஓட்டங்களிலும், இப்படி இடம் மாற்றும் முகவரிச் சீரற்றமைப்பை நிறுத்துங்கள். லினக்ஸில் ஜிடிபிக்குள் தொடங்கும் நிரலுக்கு அது இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கும். இடப்பக்க நெடுவரிசையில் முழு முகவரிக்குப் பதில் பகுதியின் தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவை அச்சிடுங்கள். மடிப்பையும் மேலே சொன்னபடி நீக்கிவிட்டால், எஞ்சும் வேறுபாடுகள் பெரும்பாலும் பார்க்க வேண்டியவையாகவே இருக்கும்.