டெஸ்க்டாப்பின் ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது: நாமே மாற்றலாமா, உள்ளிருக்கும் கோப்புகள் கிடைக்குமா?

மாற்றலாம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எவரும் அரை மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய வேலைதான் அது. ஆனால், நீங்கள் இரண்டாவதாகக் கேட்டிருப்பதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கணினியைப் போட்டால் சில நாள் விண்டோஸ் வருகிறது, சில நாள் பூட் ஆவதற்கு டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் எழுத்து வருகிறது, கடைக்காரர் புது டிஸ்க் போட்டு பார்மட் செய்துவிடலாம் என்கிறார், உள்ளே பத்து ஆண்டுப் படங்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இப்போதே கணினியை அணைத்துவிடுங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் அந்த நேரம் முழுவதும் கோப்புகளை வெளியே எடுப்பதற்கு மட்டுமே செலவாக வேண்டும். இன்றைக்கு விண்டோஸ் வருகிறதா என்று போட்டுப் போட்டுப் பார்ப்பதற்கு அல்ல.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திண்டுக்கல்லில் என் அக்கா டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள், திருவிழா நோட்டீஸ் என்று எட்டு ஆண்டு வேலை முழுவதும் ஒரே கணினியில், 500 ஜிபி ஹார்டு டிஸ்க் ஒன்றில் இருந்தது. ஆவணி மாத முகூர்த்த நெருக்கடியில், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் நிரலின் கோப்பு ஒன்றைத் திறக்க ஐந்து நிமிடம் ஆகத் தொடங்கியது. பார்க்க வந்த மெக்கானிக், டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் நிரலை ஓடவிட்டுப் போய்விட்டார். அது விடிய விடிய ஓடியது. காலையில் பல ஃபோல்டர்கள் காணாமல் போய், பெயரற்ற துண்டுக் கோப்புகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அந்த நிரல் கோப்புகளின் அட்டவணையை ஒழுங்குபடுத்துவதற்காக எழுதப்பட்டது. அட்டவணையில் படிக்க முடியாத இடம் வந்தால், அதில் பதிவாகியிருந்ததை இல்லாததாகக் கருதித் திருத்தி எழுதிவிடும். நல்ல டிஸ்கில் அது பயனுள்ள நிரல். சாகக் கிடக்கும் டிஸ்கில் அதை ஓடவிடவே கூடாது. அதைப் போலவே, இந்த டிஸ்கை பார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அணைத்த பிறகு முதல் வேலை, கெட்டது டிஸ்க்தானா என்று உறுதி செய்துகொள்வது. மின் இணைப்பைப் பிடுங்கி, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். டிஸ்கின் பின்புறத்தில் இரண்டு இணைப்புகள் இருக்கும்: மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் அகலமானது ஒன்று, மதர்போர்டுக்குத் தகவல் கொண்டுபோகும் குறுகலான சாட்டா கேபிள் ஒன்று. அந்தக் குறுகலான கேபிள் தளர்ந்திருந்தாலும் உள்ளே ஒடிந்திருந்தாலும் நீங்கள் எழுதியிருக்கும் அதே அறிகுறிகள் வரும். வேறொரு கேபிளை, மதர்போர்டில் வேறொரு துளையில் செருகிப் பாருங்கள். நூறு, இருநூறு ரூபாய்க் கேபிளுக்காக ஒரு நல்ல டிஸ்கைக் குப்பையில் போட்டவர்களை நான் அறிவேன்.

ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட் என்று பெயர் பெற்ற இந்தக் குறிப்பேட்டை விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் காட்டும். விண்டோஸுக்கு மாற்றாக, பென்டிரைவிலிருந்தே ஓடக்கூடிய உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தில் டிஸ்க்ஸ் என்ற நிரலே காட்டிவிடும். கெடும் டிஸ்கின் மேல் விண்டோஸை ஏற்றாமலே பார்க்க முடியும் என்பதால் இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது. அதில் மூன்று எண்களைப் பாருங்கள். 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்கில் தகவல் பதியும் சிறு கட்டங்களின் கணக்கு. 197ஆம் எண், படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்களின் கணக்கு. 199ஆம் எண், டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்த தகவலின் கணக்கு. இது மட்டும் ஏறிக்கொண்டே போய் மற்ற இரண்டும் பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இவற்றைப் பதினாறின் அடிமான எண்களில் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். அதில் 10 என்று இருந்தால் நம் கணக்கில் 16.

இந்தக் குறிப்பேட்டை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. கூகுள் பொறியாளர்கள் தங்கள் சர்வர்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிஸ்கின் பரப்பை வருடிப் பார்க்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்கைவிட அடுத்த 60 நாளுக்குள் கெடும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். அதே கட்டுரை, கெட்டுப்போன டிஸ்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போனதாகவும் சொல்கிறது. ஆகவே எண்கள் மோசமாக இருந்தால் நம்புங்கள். நன்றாக இருந்தால் அதை நம்பி நகல் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது காது. டிஸ்க் ஒரே சீராக இரைந்தால் நாமே முயலலாம். டிக், டிக், டிக் என்று தாளம் தப்பாமல் தட்டினால், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்கே போய் வருகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, அதற்கு மேல் ஒருமுறைகூட மின்சாரம் கொடுக்காமல், தகவல் மீட்பு ஆய்வகத்தில் கொடுங்கள். பெரும்பாலான டெஸ்க்டாப் டிஸ்குகளின் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுழல்கிறது. அதன் மேல் படிக்கும் முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமயிரின் தடிமன் 50,000 நானோமீட்டருக்கும் மேல். வீட்டுக் கூடத்தில் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். டிஸ்கை ஃப்ரீசரில் வைத்து எடுக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே வியர்க்கும் ஈரம் தட்டின் மேல்தான் படியும். அடியில் இருக்கும் பச்சைப் பலகையை மட்டும் வேறொரு டிஸ்கிலிருந்து மாற்றிவிடலாம் என்பதும் பழைய காலத்து யோசனை. இன்றைய டிஸ்குகளில் அந்தந்தத் தட்டுக்கென்று தனியாக அளந்து எழுதிய விவரங்கள் அந்தப் பலகையின் சில்லில் இருக்கின்றன.

அக்காவின் டிஸ்க் தட்டவில்லை. 197ஆம் எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். நகல் போகும் டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. உபுண்டுவைப் பென்டிரைவிலிருந்து ஏற்றி, டிடிரெஸ்க்யூ என்ற நிரலை நிறுவினேன். சாதாரணமாகக் கோப்புகளைக் காப்பி செய்தால், முதல் கெட்ட செக்டரிலேயே கணினி முட்டிக்கொண்டு நின்று அதையே நூறு முறை படிக்க முயலும். டிஸ்கின் உயிர் அங்கேயே போகும். டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்யாது. கெட்ட இடம் வந்தால் தாண்டிக் குதித்து நல்ல இடங்களையெல்லாம் முதலில் எடுத்துவிடும். பிறகுதான் திரும்பி வந்து விட்ட இடங்களை ஓரத்திலிருந்து சுரண்டும். எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அந்தக் கோப்பை இன்னொரு பென்டிரைவில் சேமியுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடும் உபுண்டு எழுதுவதெல்லாம் நினைவகத்தில்தான் இருக்கும், அணைந்தால் போய்விடும். அன்று அதிகாலை இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. யுபிஎஸ் இருபது நிமிடம்தான் தாங்கியது. வரைபடக் கோப்பு வெளியே இருந்ததால், மின்சாரம் வந்ததும் நிரல் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

இந்த வேலையில் ஒரே ஒரு தவறுக்கு மன்னிப்பே கிடையாது. எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலியான புது டிஸ்க் பழைய டிஸ்கின் மேல் எழுதப்பட்டுவிடும். டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள வரிசை எண்ணைத் தாளில் எழுதி, திரையில் தெரியும் எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்த்த பிறகே நான் என்டர் தட்டினேன். அப்போதும் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொன்னேன். டேபிள் ஃபேனைத் திருப்பி டிஸ்க் மேல் காற்றடிக்க வைத்தோம். நல்ல டிஸ்கில் ஒன்றரை மணி நேரத்தில் முடியக்கூடிய 500 ஜிபி, மறுநாள் மதியம் வரை இழுத்தது; கடைசியில் எடுக்க முடியாமல் போனது 41 எம்பி மட்டுமே. அந்த மெக்கானிக்கின் நிரல் கலைத்ததை அதன் பிறகு நகலின் மேல் ஒரு மீட்பு நிரலை ஓட்டித் தேடினேன். பெரும்பகுதி கிடைத்தது, எல்லாம் கிடைக்கவில்லை.

இனி மாற்றும் வேலை. கணினியை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிடுங்கள். கேபினட்டைப் படுக்கவைத்து, பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். கழற்றும் முன் வயர்களைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டா இணைப்பின் வாய் ‘ட’ எழுத்தைப் போல ஒரு மூலையில் மடிந்திருக்கும், ஒரே திசையில்தான் நுழையும். நுழையவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள். வயரை இழுக்காமல் முனையைப் பிடித்து, சிறு உலோக நாக்கு இருந்தால் அதை அமுக்கிக்கொண்டே எடுக்க வேண்டும்.

விண்டோஸுக்கு, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்குங்கள், 2.5 அங்குல சாட்டா வகை 256 ஜிபியே போதும். கோப்புகளுக்கு ஹார்டு டிஸ்க் இருக்கட்டும். பழைய கணினியில் எஸ்எஸ்டி போடுவதைவிடக் கண்கூடாகத் தெரியும் மாற்றம் வேறில்லை. எஸ்எஸ்டிக்கு ஹார்டு டிஸ்கின் ஸ்க்ரூ பொருந்தாது, இன்னும் நுண்ணிய புரியுள்ள ஸ்க்ரூ வேண்டும், 3.5 அங்குல இடத்தில் பொருத்தும் தகட்டோடு கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டி ஒன்றை மட்டும் இணைத்திருங்கள். மற்ற டிஸ்கும் சேர்ந்திருந்தால், பூட் செய்யும் சிறு பகுதியை விண்டோஸ் அதில் கொண்டுபோய் வைத்துவிடுவதுண்டு. பிறகு அதைக் கழற்றிய நாளில் கணினி எழாது. விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் முக்கியமாக மதர்போர்டைச் சார்ந்தது என்பதால், அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாகவே செல்லுபடியாகிவிடும். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதையும், விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ராசஸருக்கு முந்தைய கணினிகளைப் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் கருத்தில் கொண்டு தேர்ந்தெடுங்கள்.

புத்தம் புதிய ஹார்டு டிஸ்க் செருகியதும் கண்ணில் படாது. விண்டோஸின் டிஸ்க் மேலாண்மை (Disk Management) நிரலுக்குள் போய் அதைத் தயார்செய்து பார்மட் செய்ய வேண்டும். நகல் எடுத்த டிஸ்கைத் தவறியும் அப்படிச் செய்துவிடாதீர்கள். 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்று தெரிந்தால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

பழைய டிஸ்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதை எந்த வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை. தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது உயிர்நாடி. அக்காவின் பத்திரிகைகள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்தன. புது விண்டோஸில் திறந்தபோது மணமகன் பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் ஆங்கில எழுத்துகளாய், மெய்யெழுத்து வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி விழுந்து கிடந்தது. கோப்பே கெட்டுவிட்டது என்று அக்கா கண் கலங்கிவிட்டார். நகலிலிருந்து எழுத்துருவை எடுத்து நிறுவி மீண்டும் திறந்தேன். ‘நிகழும் மங்களகரமான’ என்று முதல் வரி எழுந்து வந்தது.

பழைய டிஸ்கை எடைக்குப் போடாதீர்கள். அக்கா கடையில் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் அதில் இருந்தன. உங்களுடையதிலும் குடும்பப் படங்கள் இருக்கும். நாங்கள் அதை உறையில் போட்டு, தேதியை மேலே எழுதி ஆறு மாதம் அலமாரியில் வைத்திருந்தோம். விடுபட்ட கோப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, பக்கத்து இரும்புப் பட்டறையில் கொடுத்துத் தட்டுகள் துளைபடும்படி மூன்று இடத்தில் டிரில் போட்டு, மின்கழிவு எடுப்பவரிடம் ஒப்படைத்தோம்.