பொது வாழ்க்கையில் இருந்தவரின் டயறியைப் படிக்க மக்களுக்கு உரிமை இருக்கிறதா?

"அரசியலிலோ கலையிலோ பெயர் வாங்கிய ஒருவரின் சொந்த டயறி அவருக்கு மட்டும்தான் சொந்தமா? வரலாறு தெரிந்துகொள்ள மக்களுக்கு உரிமை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு தரப்புத்தான் இருக்கிறது: எழுதிய பிரமுகர், படிக்க விரும்பும் மக்கள். டயறியைத் திறந்து பார்த்தால் மூன்றாவதாக ஒரு கூட்டம் உள்ளே இருக்கும். மனைவி, மச்சான், சாரதி, பக்கத்து வீட்டுப் பிள்ளை, கடன் கேட்டு வந்தவர், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர். தேர்தலில் நின்றதும் மாலை வாங்கியதும் பிரமுகர். இவர்கள் எதிலும் நிற்கவில்லை, யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. யாருடைய அந்தரங்கத்தை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் சொல்வேன். பிரமுகர் அதற்குப் பிறகுதான்.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் பக்கம் கட்டுவதும் புரூஃப் பார்ப்பதும் என் வேலை. கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் பருவத்துக்கு வரும். வருஷம் முழுக்க வருவது நினைவு மலர்தான். யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்பார்கள். 31ஆம் நாள் வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பதால் எப்போதும் அவசரம். தேவாரம், வம்சாவளி, அனுதாபச் செய்திகள், நன்றி நவிலல். இப்போது சில வருஷமாக, செத்தவரின் கையெழுத்திலேயே ஒன்றிரண்டு பக்கம் போடுவதும் வழக்கமாகிவிட்டது.

அப்படி ஒரு மலர். பதவியில் இருந்தவர், பத்திரிகையில் படம் வந்தவர். பெயரும் ஊரும் வேண்டாம். கனடாவில் இருந்து வந்திருந்த மகன் ஒரு பை நிறைய டயறி கொண்டுவந்தார். எல்லாம் வங்கிகள் வருஷக் கடைசியில் சும்மா கொடுக்கும் டயறிகள். "அப்பாவின்ரை எழுத்திலேயே நாலு பக்கம் போடுவம் அண்ணை" என்று மஞ்சள் துண்டு ஒட்டி அடையாளம் வைத்திருந்தார். பெரும்பாலான பக்கங்களில் காலைச் சீனி அளவு, குளிசை, பாண் விலை, யார் வந்தார், யாருக்கு எவ்வளவு கொடுத்தது. மனிதர் காசுக் கணக்கில் நேர்த்தியானவர், சதம் வரை எழுதியிருந்தார்.

துண்டு ஒட்டிய ஒரு பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையின் பெயர். தகப்பன் பெயர், ஊர், என்ன சத்திரசிகிச்சை, அதற்கு இவர் கொடுத்த தொகை. அதன் கீழே, இந்த வருத்தம் தெரியவந்ததும் பேசி வைத்திருந்த சம்பந்தக்காரர் பின்வாங்கிவிட்டார்கள் என்று ஒரு வரி. அப்பாவின் தர்ம குணம் இதில் தெரிகிறது என்பது மகனின் எண்ணம். அவர் நினைத்தது பிழையில்லை, தெரியத்தான் செய்தது.

ஒரு கிழமை தள்ளி இன்னொரு பக்கம், அதில் துண்டு இல்லை. ஒரு திணைக்களத்தில் நியமனம். யாருக்குப் போன் எடுத்தார், பட்டியலில் யார் பெயர் எடுபட்டு யார் பெயர் ஏறியது என்று சுருக்கமாக இருந்தது. பக்கம் புரட்டும்போது நான் அதைப் பார்த்ததை மகனும் பார்த்துவிட்டார். "அது வேண்டாம் அண்ணை, அரசியல்."

ஊருக்குத் தெரிய வேண்டிய பக்கம் பைக்குள் திரும்பிப் போகிறது. ஊருக்குச் சம்பந்தமே இல்லாத பிள்ளையின் வருத்தம் முந்நூறு பிரதி அச்சாகப் போகிறது. அந்தப் பிள்ளை இப்போது எங்கோ கலியாணம் கட்டிக் குடும்பமாக இருக்கும் என்று நான் சொன்னதும் மகன் யோசித்தார். "இனிஷியல் மட்டும் போட்டால்?" எங்கள் ஊர்களில் இனிஷியலும் ஊர்ப் பெயரும் இருந்தால் அடையாள அட்டை தேவையில்லை. கடைசியில் அந்தக் கையெழுத்துப் பக்கத்தையே விட்டுவிட்டு, "பலரின் வைத்தியச் செலவுக்கு உதவியவர்" என்று ஒரு வரி வாழ்க்கைக் குறிப்பில் ஏறியது. நியமனப் பக்கத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வாடிக்கையாளரின் பொருள், நான் அச்சடிக்கிறவன்.

அதனால்தான் "குடும்பமே பார்த்து எது வேண்டுமோ அதை வெளியிடட்டும்" என்ற பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. குடும்பத்தின் கத்தரிக்கோல் எப்போதும் அப்பாவின் பெயரைத்தான் காக்கும். மற்றவர்கள் பெயர் அதன் கண்ணில் படுவதே இல்லை.

கத்தரிக்கோலைச் சரியாகப் பிடித்த ஒரு சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. பொப் பெக்வூட் என்ற செனட்டர்மேல் பல பெண்கள் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார்கள். விசாரணையில் அவரே தன் டயறியைச் சாட்சிக்கு இழுத்தார். விசாரித்த செனட் ஒழுக்கக் குழு "அப்படியானால் கொடும்" என்றது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். அவர் மறுக்க, 1993 நவம்பரில் செனட் 94க்கு 6 என்று வாக்களித்து டயறியைக் கேட்டு நீதிமன்றம் போனது. 1994இல் உச்ச நீதிமன்றமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அடுத்த வருஷம் பதவி விலகினார். இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு: வைத்தியரோடும் சட்டத்தரணியோடும் பேசியது, குடும்பத்துக்குள் நடந்தது ஆகியவற்றை மறைத்துவிட்டுத்தான் குழுவிடம் போக வேண்டும், எதை மறைக்கலாம் என்பதை வெளி ஆள் ஒருவர் இருந்து பார்க்க வேண்டும். அந்த வெளி ஆள் கெனத் ஸ்டார். ஜனாதிபதி கிளின்டனை விசாரித்துப் பின்னால் பெயரெடுத்த அதே ஆள்தான், வேடிக்கை. எழுதியவரும் குடும்பமும் இல்லாத மூன்றாவது கை அது.

இதற்கு நேர்மாறான கதை ரொஜர் கேஸ்மென்ட்டினுடையது. கொங்கோவிலும் பெரு நாட்டின் புட்டுமாயோ காட்டிலும் இறப்பர் கம்பனிகள் பழங்குடிகளை வதைத்ததை உலகுக்குச் சொன்ன பிரித்தானியத் தூதரக அதிகாரி. அதற்காக 1911இல் 'சேர்' பட்டமும் கொடுத்தார்கள். பிறகு அயர்லாந்து விடுதலைக்காக ஜெர்மனியிடம் ஆயுதம் கேட்டுப் போனார், 1916இல் பிடிபட்டார், தேசத்துரோகத்துக்கு மரணதண்டனை. கருணை காட்டச் சொல்லிக் குரல்கள் எழுந்தபோது, அவர் தன் ஓரினச் சேர்க்கை உறவுகளைப் பற்றி எழுதியிருந்த டயறிப் பக்கங்களைப் பிரித்தானிய அரசாங்கத்தார் படியெடுத்துச் செல்வாக்கானவர்களிடம் காட்டினார்கள். குரல்கள் அடங்கின. ஓகஸ்ட் 3ஆம் திகதி தூக்கிலிட்டார்கள். 1910இல் அவர் எழுதிய இன்னொரு நாட்குறிப்பில் புட்டுமாயோவில் கண்ட அடியும் கசையும் பட்டினியும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மக்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான். ஆனால் லண்டனில் கைமாறியது மற்றது. "பொதுநலன்" என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கத்தை நீட்டுகிறார், எந்த நேரத்தில் நீட்டுகிறார் என்று பார்க்க வேண்டும்.

கொழும்புத் தமிழருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. யுத்தத்தின்போது படையினர் சுற்றிவளைத்துத் தேடிய காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் இருந்தவர்களைக் கேளுங்கள். டயறியின் பின்பக்கத்தில் ஒரு தொலைபேசி எண் இருந்தால், "இது ஆர், எங்கை இருக்கிறார்?" என்று தொடங்கும். பிரமுகர் என்ன, சாதாரணப் பொடியன் என்ன, எழுதியவனைவிட எழுதப்பட்டவனுக்குத்தான் பயம். அந்த நாட்களில் டயறி எழுதும் பழக்கத்தையே விட்டவர்கள் எனக்குத் தெரிந்து பலர். இன்றைக்கு எங்கள் தலைமுறையின் வரலாறு எழுத வருகிறவர்களுக்குக் கையில் ஒன்றும் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, உயிரோடு இருக்கிற பிரமுகர்? அதுவும் தன் டயறியைத் தானே நாலு பேருக்குக் காட்டியவர்? 1997இல் ஹொங்கொங்கைச் சீனாவிடம் ஒப்படைத்த விழாவைப் பற்றி அப்போதைய இளவரசர் சார்ல்ஸ் ஒரு நாட்குறிப்பு எழுதி, நண்பர்கள், தெரிந்தவர்கள் என்று பல டசின் பேருக்குப் படி அனுப்பினார். சீனத் தலைவர்களை மெழுகுப் பொம்மைகள் என்று கிண்டலடித்திருந்தார். 2005இல் அவருடைய அலுவலகத்தில் இருந்த ஒருவர் மூலம் அது ஒரு பத்திரிகைக்குப் போய் அச்சாகியது. 2006இல் நீதிமன்றம் இளவரசர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, மேன்முறையீட்டிலும் அதே முடிவு: பலரிடம் இருந்தாலும் நம்பிக்கையின் பேரில் கொடுத்தது அந்தரங்கம்தான். இந்தத் தீர்ப்பில் எனக்கு அரை மனதுதான். நாளைக்கு அரசனாகப் போகிறவர் இன்னொரு நாட்டுத் தலைமையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அவருடைய வீட்டு விஷயம் இல்லை. அப்புறம், அதில் காயப்பட்டவர்கள் சீன அரசின் உச்சியில் இருந்தவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை இல்லை. நான் நீதிபதியாக இருந்தால் அந்தப் பத்திரிகைக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருப்பேன்.

2020இல் ஒரு அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளரின் மகளுடைய டயறியைத் திருடி 40,000 டொலருக்கு விற்றார்கள். விற்ற இருவரும் 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இதில் யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை. தகப்பன் வாக்குக் கேட்டார், மகள் கேட்கவில்லை.

"அப்படியானால் பழைய நாட்குறிப்புகளை எல்லாம் படிக்கக் கூடாதா?" என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்பார், தெரியும். தாராளமாகப் படிக்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துவிபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியது தமிழில் நமக்குக் கிடைத்த பெரிய சொத்து. கப்பல் வந்தது, சரக்கு விலை, 1748இல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தது, டூப்ளேயின் மனைவிமேல் அவருக்கு இருந்த எரிச்சல், எல்லாம் அதில் உண்டு. உயிரோடு இருக்கும்போது அது வெளியே வந்திருந்தால் மனிதரின் உத்தியோகம் அன்றைக்கே போயிருக்கும். அது வெளியுலகின் கைக்கு வந்தது 1846இல். அதற்குள் கோபப்பட ஒருவரும் மிச்சமில்லை.

நம் நாட்டில் இன்னொரு வகையும் உண்டு. லெனாட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது எழுதியது உத்தியோக டயறி. மேலிடத்துக்கு அனுப்பவென்றே எழுதியது. உப்பு அள்ளியது, மாடுகளைக் கொன்ற கொள்ளைநோய், வழக்குத் தீர்த்தது. 1960களின் தொடக்கத்தில் அவர் இருக்கும்போதே அச்சாகியது. சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதிய பக்கம், அது மக்களுடையது. தனிமையின் புலம்பலை அவர் அங்கே எழுதவில்லை, இங்கிலாந்து நண்பருக்கு எழுதிய கடிதங்களில் எழுதினார். எல்லாரும் இப்படி இரண்டு கொப்பி வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. நம்மவர்கள் நியமனத்தையும் சீனி அளவையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறார்கள்.

சட்டம் இங்கே எதுவரை வரும் என்றும் சொல்லிவிடுகிறேன், பலர் குழம்புகிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச நிறுவனங்களின் கையில் உள்ள தகவலுக்குத்தான். ஒருவரின் அலுமாரிக்குள் இருக்கும் டயறியை அதைக் காட்டிக் கேட்க முடியாது. அரச கோப்புக்குள் தனிப்பட்ட தகவல் இருந்தால் 5ஆம் பிரிவைச் சொல்லி மறுக்கலாம், ஆனால் பொதுநலன் பாதிப்பைவிடப் பெரிதென்றால் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அடுத்தது பதிப்புரிமை. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருஷம் வரை அது வாரிசுகளிடம் இருக்கும். மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையிலோ போத்தல் பேப்பர்காரரிடமோ ஒரு பிரமுகரின் டயறி உங்களுக்குக் கிடைத்தால் தாள் உங்களுடையது, அச்சடிக்கும் உரிமை இல்லை. அந்தப் பாதுகாப்பும் எழுத்துக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் செய்தியை நீங்கள் உங்கள் வார்த்தையில் சொல்வதைப் பதிப்புரிமை தடுக்காது. டயறியில் பெயர் வந்த பிள்ளைக்கு இந்தச் சட்டங்களால் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

வீட்டில் இப்படி ஒரு பை இருக்கிறவர்கள் தயவுசெய்து எரிக்காதீர்கள். அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் இறந்த பிறகு அவருடைய கடைசி நாட்குறிப்பைப் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று கணவர் டெட் ஹியூஸ் அழித்தார். நோக்கம் விளங்குகிறது, ஆனால் அந்தக் கடைசி மாதங்களைப் பற்றி இன்றுவரை ஆளுக்கொரு ஊகம். பூட்டி வைத்திருந்தால் போதும். ஒரு சுவடிக்கூடத்துக்கோ பல்கலைக்கழக நூலகத்துக்கோ கொடுக்கும்போது, இத்தனை வருஷத்துக்கு யாருக்கும் காட்டக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். பதவியோடு சம்பந்தப்பட்ட பக்கங்களுக்கு 10 வருஷம் தாராளம். மற்றதற்கு, இறந்தவரின் வயதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், உள்ளே பெயர் வருகிறவர்களில் ஆக இளையவரின் வயதைப் பாருங்கள். 1995இல் எழுதிய பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று வந்தால் அந்தப் பெட்டி 2080 வரை பூட்டியிருக்கட்டும். ஆராய்ச்சிக்காரர்கள் என்மேல் கோபப்படுவார்கள்தான். அவர்களுக்கு நியமனப் பக்கத்தை முதலில் கொடுங்கள், அதற்கே வேலை நிறைய இருக்கும்.