கல்லூரி ஆய்வும் நெறிமுறைக் குழுவும்: கேள்வி பதில்

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகள் பற்றிக் கேளுங்கள். பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: வெறும் கூகுள் ஃபார்ம் சர்வேதான். அனுமதி வேண்டுமா?

பல சர்வேக்களுக்கு விலக்கு கிடைத்துவிடும். ஆனால் விலக்கு உண்டா என்பதைச் சொல்ல வேண்டியது குழு, நீங்கள் அல்ல. தரவு சேகரிக்கும் முன்பே வாருங்கள். முன்தேதி போட்டு யாரும் அனுமதி தரமாட்டார்கள்.

கேள்வி: பெயர் கேட்கவில்லை. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மட்டும். ஆள் தெரியாதுதானே?

தெரியும். இந்த மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனியே பிரித்துவிடலாம் என்று 2000இல் கணினி அறிவியலாளர் லத்தான்யா ஸ்வீனி கணக்கிட்டார். பிறந்த தேதி எதற்கு? வயது வரம்பு போதும். ஃபார்மில் மின்னஞ்சல் பதிவாகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எத்தனை பேரிடம் எடுத்தால் போதும்?

புள்ளியியல் ஆசிரியரிடம் போங்கள்.

கேள்வி: நான் விரிவுரையாளர். என் வகுப்பில் 60 பேரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். குழு ஏற்கவில்லை. ஏன்?

மதிப்பெண் உங்கள் கையில் இருக்கிறது. படிவத்தை நீட்டுவதும் அதே கைதான். வேறொருவர் கேட்கட்டும்; யார் மறுத்தார்கள் என்பது மதிப்பெண் ஒப்படைக்கும்வரை உங்களுக்குத் தெரியவே கூடாது. பங்கேற்புக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டென்றால், மறுப்பவருக்கும் அதே அளவு உழைப்பில் முடியும் மாற்று வேலை கொடுங்கள்.

அவரே: என் பிள்ளைகளுக்கு என்னிடம் பயமில்லை. பிடிக்காவிட்டால் சொல்லிவிடுவார்கள்.

எத்தனை பேர் சொன்னார்கள்?

அவரே: ஒருவரும் இல்லை.

எனக்கு உறுத்துவதும் அதுதான்.

இன்னொருவர்: இதையெல்லாம் டஸ்கீகியோடு சேர்ப்பீர்கள் போலிருக்கிறதே!

இல்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் அரசு நடத்திய ஆய்வு அது; 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்தவர்களை ஏமாற்றினார்கள். அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இவர் நல்ல ஆசிரியர். நான் நினைப்பது உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமை. 1960களின் தொடக்கத்தில் அவர் நடத்திய சோதனையில், இன்னொருவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்னதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்கள்; யாரும் யாரையும் மிரட்டவில்லை. "தொடருங்கள்", "தொடர்ந்தே ஆகவேண்டும்" என்று நிதானமாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். பெயர்பெற்ற அந்தச் சுற்றில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். (மின்சாரம் பொய், அவர்கள் பட்ட பாடு நிஜம்.) மேலே இருப்பவர் பணிவாகக் கேட்டாலும் மறுப்பது கடினம். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறி வகுத்த அமெரிக்காவின் 1979 பெல்மாண்ட் அறிக்கையும் மிரட்டலை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, முறையற்ற செல்வாக்கையும் சேர்த்தே சொல்கிறது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பும் சர்வேக்கும் அனுமதி வேண்டுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பாதியில் விலகினால் அவர் தரவை அழிக்கணுமா?

எந்தத் தேதிவரை கேட்டால் அழிப்பீர்கள் என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள். பெயரில்லாத சர்வேயில் அனுப்பிய பின் தேடி எடுக்க முடியாது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 200 பேரிடம் வாங்கிவிட்டேன் சார். இப்போது விண்ணப்பிக்கலாமா?

முன்தேதி கிடையாது என்றேனே! தரவைத் தொடாமல், நடந்ததைக் குழுவிடம் அப்படியே சொல்லுங்கள்.

விரிவுரையாளர்: சரி, என் 60 படிவங்கள்?

ஒதுக்கி வையுங்கள். திருத்திய திட்டத்துக்கு அனுமதி வாங்கி, மதிப்பெண் ஒப்படைத்த பிறகு வேறொருவரை விட்டுப் புதிதாகக் கேளுங்கள். 60 வராது.