கார் இல்லாமல் கேன் பஸ் பழகலாமா?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: மின்னணுப் பொறியியல் முடித்திருக்கிறேன். வாகன ஈசியூ (எஞ்சின் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கு அடுத்த மாதம் கொழும்பில் நேர்முகப் பரீட்சை. சி மொழி தெரியும். வாகன அனுபவம் கிடையாது. சோதனைக் கருவி எதுவும் இங்கே இல்லை. வீட்டில் இருந்தபடி என்ன பழகலாம்?

பதில்: எஞ்சினைக் கணினி மாதிரியாக ஓடவிட்டு, உண்மையான ஈசியூவை அதோடு பூட்டிச் சோதிக்கும் ஹில் மேசை வீட்டுக்கு வராதுதான். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்தவர்களின் பொழுதில் பாதி, கேன் பஸ்ஸில் (ஈசியூக்கள் தமக்குள் செய்தி பரிமாறும் இரட்டைக் கம்பி இணைப்பு) ஒரு செய்தி ஏன் வரவில்லை, ஏன் பிந்தியது என்று தேடுவதில்தான் போகிறது. அதை வீட்டிலேயே பழகலாம். இரண்டு ஆர்டுயினோ ஊனோ போர்டு, அவற்றைக் கேன் பஸ்ஸில் இணைக்கும் இரண்டு எம்சிபி2515 மொடியூல், நெட்வொர்க் கேபிளிலிருந்து உருவிய ஒரு சோடி முறுக்குக் கம்பி, ஒரு மல்டிமீட்டர் போதும். (ஊனோ ஏனென்றால் இந்த மொடியூல்கள் 5 வோல்ட்டுக்கானவை. 3.3 வோல்ட் போர்டில் நேரே பூட்டினால் போர்டு பழுதாகலாம்.)

மின் கொடுக்க முன்னர் பஸ்ஸின் இரு கம்பிகளான கேன்-ஹைக்கும் கேன்-லோவுக்கும் இடையே தடையை அளந்து பாருங்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் சமாந்தரமாக இருப்பதால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ஜம்பர் (மொடியூலின் 120 ஓம் தடையை இணைக்கும் சிறு செருகி) போடவில்லை. 40 என்றால் எங்கோ மூன்றாவது தடை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது வேகம். பலர் இங்கேதான் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வது. மொடியூலுக்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் கிறிஸ்டலில் பெரும்பாலும் 8.000, அதாவது 8 மெகாஹேர்ட்ஸ், என்று அச்சிட்டிருக்கும். மாதிரி நிரல்கள் பலவும் 16 மெகாஹேர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் 500 கிலோபிட் என்று எழுதியிருப்பீர்கள், கம்பியில் ஓடுவதோ 250. இரண்டு மொடியூலிலும் ஒரே பிழை என்றால் அவை தமக்குள் நன்றாகவே பேசிக்கொள்ளும். காரில் பூட்டுகிற அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும்.

ஓடத் தொடங்கியதும் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒரு மொடியூலைக் கழற்றினால், கிடைத்தது என்று சொல்ல ஆளில்லாததால், மற்றது அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அனுப்பும்போது நேரும் பிழைகளைக் கணக்கு வைக்கும் அதன் பிழை எண்ணி 128 வரை ஏறி நின்றுவிடும். ஹையையும் லோவையும் ஒன்றாகத் தொடவைத்தாலோ, அதே எண்ணி எட்டெட்டாக ஏறி 255ஐத் தாண்டி, பஸ்-ஓஃப் ஆகும், அதாவது மொடியூல் பஸ்ஸிலிருந்து விலகிவிடும். ஒன்று ஏன் நிற்கிறது, மற்றது ஏன் விலகிவிடுகிறது என்று விளக்கத் தெரிந்தால் நேர்முகத்தில் அரைவாசி கடந்த மாதிரி.

நேரக் கணக்கும் முக்கியம். 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை ஓட வேண்டிய வேலைக்குள் கணினித் திரைக்கு செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் 20 எழுத்து அச்சிட்டால், அதை அனுப்பவே ஏறத்தாழ 20 மில்லிசெக்கன் பிடிக்கும். எழுத்துகள் காத்திருக்கும் பஃபர் நிரம்பியதும் எல்லாம் பிந்தும். அச்சிடுவதை விட்டுவிட்டு, வேலை தொடங்கும்போது ஊனோவின் ஒரு வெளியீட்டுப் பின்னை உயர்த்தி, முடியும்போது தாழ்த்தி, அந்த ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு காட்டும் மலிவான லொஜிக் அனலைசரில் பாருங்கள்.

சொந்தக்காரர் யாரிடமாவது கார் இருந்தால் பழுது அறியும் கருவி பூட்டும் ஓபிடி சொக்கட்டின் 6ஆம், 14ஆம் பின்களில் இணையுங்கள். அவை வெறுமையாக இருந்தால் அந்தக் கார் உதவாது. காரில் 120 ஓம் ஏற்கெனவே இரண்டு முனையிலும் உண்டு; உங்கள் மொடியூலின் ஜம்பரைக் கழற்ற மறக்காதீர்கள். கார் நின்ற இடத்தில், சாவி ஓன், எஞ்சின் ஓஃப். எல்லா ஈசியூக்களுக்கும் பொதுவான 7டிஎஃப் முகவரிக்கு 02 01 33 அனுப்பினால், எஞ்சின் ஈசியூவின் 7ஈ8 முகவரியிலிருந்து வெளிக்காற்று அழுத்தம் வரும். ஹட்டன் கிட்டத்தட்ட 1270 மீட்டர் உயரம், ஆகவே 87 கிலோபாஸ்கல் அளவு, பதின்அறும எண்ணில் 57. அதே பதின்அறும எண்ணில் நுவரெலியாவில் 51, கொழும்பில் 65. காற்று ஐதானால் ஊற்ற வேண்டிய எரிபொருளும் குறைய வேண்டும். 101 கிலோபாஸ்கலில் மட்டும் சோதித்த மென்பொருள் மலையேறும்போது தடுமாறுவது இதனால்தான்.

33க்குப் பதில் வராவிட்டால் 0பி கேளுங்கள். அது மெனிபோல்ட் (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) அழுத்தம். எஞ்சின் ஓடாதபோது வெளியழுத்தமும் அதுவும் ஒன்றே. இதையே ஒரு டெஸ்ட் கேஸாக எழுதிக்கொண்டு போங்கள்: இடம், சாவி நிலை, அனுப்பிய பைட்டுகள், எதிர்பார்ப்பது 87, விலகல் கூட்டியோ குறைத்தோ 3, வந்த விடை. “சரியாக வேலை செய்கிறது” என்ற வசனம் மட்டும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது.