பெயர் எழுதாத விதைப் பொட்டலம்

கேள்வி: 'நர்சரியில் வளர்த்தது' என்று இணையத்தில் விற்ற காட்டு மில்க்வெட்ச் (அஸ்ட்ராகலஸ் என்ற பயறுக் குடும்பச் செடி) ஒன்றை 28 டாலர் கொடுத்து வாங்கினேன். ஆணிவேர் பாதியில் அறுந்திருந்தது. பத்தே நாளில் காய்ந்துவிட்டது. விற்றவர் பதிலே போடுவதில்லை. (பாய்சி, ஐடஹோ)

பதில்: உங்கள் மேல் தவறில்லை. சேஜ்பிரஷ் புதர்க்காட்டின் வறண்ட சரளை மண்ணில் ஈரம் தேடி ஆணிவேரை ஆழமாக இறக்கும் செடி இது. தொட்டியில் வளர்ந்திருந்தால் வேர் அப்படி அறுந்திருக்காது. மலையில் தோண்டி எடுத்து உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். வேரையும் விளம்பரத்தையும் படமெடுத்து, 'சொன்ன பொருள் வரவில்லை' என்று கிரெடிட் கார்டு வங்கிக்குக் கடிதம் எழுதுங்கள். அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் அது போய்ச் சேர வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மில்க்வெட்ச் விதை ஊன்றி ஒரு மாதமாயிற்று, முளைக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (ரீனோ, நெவாடா)

பதில்: இதன் விதைத்தோல் மிகக் கடினம். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள்.

கேள்வி: கடையில் அஸ்ட்ராகலஸ் வேர் மாத்திரை விற்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குன்றில் அதே செடி நிறைய இருக்கிறது. கஷாயம் வைக்கலாமா? (யூட்டா)

பதில்: கூடவே கூடாது. அதே செடி என்று யார் சொன்னார்கள்? அஸ்ட்ராகலஸ் என்பது சுமார் 3,000 இனங்களுக்குப் பொதுப்பெயர். மாத்திரையில் இருப்பது அவற்றில் ஒன்று, சீன மருத்துவத்தின் ஹுவாங் சி. அமெரிக்க மேற்கின் மலைகளில் வளரும் சில இனங்களுக்குள் வாழும் பூஞ்சை சுவைன்சோனைன் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அவற்றைத் தொடர்ந்து மேயும் குதிரையும் மாடும் புத்தி பேதலித்துத் தள்ளாடும். அந்தச் செடிகளை 'லோகோ' என்பதும் அதனால்தான். ஸ்பானிய மொழியில் பைத்தியம் என்று பொருள். வேறு சில இனங்கள் அளவு மீறினால் நஞ்சாகும் செலினியத்தை மண்ணிலிருந்து இழுத்து இலையில் சேர்த்துக்கொள்கின்றன.

என் நெடுநாள் ஆதங்கம் இது. 'மில்க்வெட்ச்' என்று மட்டும் அச்சிட்டு விற்பது அநியாயம். அஸ்ட்ராகலஸ் பர்ஷியை என்று எழுதினால், பஞ்சு போர்த்தியதுபோன்ற காயுள்ள குட்டைச் செடி என்று தெரிந்துகொண்டு வாங்கலாம். ஒருமுறை பெயர்ப்பட்டியல் இல்லாத 'மலைக் காட்டுப்பூக் கலவை' வாங்கினேன். முளைத்ததெல்லாம் ஐரோப்பாவின் நீலக் கார்ன்ஃபிளவர். அதைப் பிடுங்குவதிலேயே இரண்டு கோடைகள் போயின. அறிவியல் பெயரும் விதை சேகரித்த இடமும் எழுதாத பொட்டலத்தை இப்போது நான் தொடுவதில்லை.

கேள்வி: ஆடு வளர்க்கிறேன். மலிவாகக் கிடைத்ததால் பெயர் பார்க்காமல் ஐந்து பவுண்டு மில்க்வெட்ச் விதை வாங்கிவிட்டேன். மேய்ச்சல் நிலத்தில் தூவலாமா? (கிழக்கு ஓரிகன்)

பதில்: இன்னும் தூவாதீர்கள். அஸ்ட்ராகலஸ் சைசர் என்று லேபிளில் இருந்தால் அது தீவனப் பயிர். கால்நடைக்கு வயிறு உப்பாது. வேறு பெயர் இருந்தாலோ, பெயரே இல்லாவிட்டாலோ மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். ஆடு தின்னப்போவதை விலை மட்டும் பார்த்து வாங்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?