கருவேலத்தின் மூன்று பெயர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தாவரவியல் படித்த காலத்தில் கருவேல மரத்தின் அறிவியல் பெயர் ‘அக்கேசியா நிலோட்டிகா’ என்று மனப்பாடம் செய்தேன். இப்போது என் மகளின் பாடக்குறிப்பில் அதே மரம் ‘வச்செல்லியா நிலோட்டிகா’ என்றிருக்கிறது. தேடிப் பார்த்தால், உயிர்களுக்கு இருசொல் பெயர் சூட்டும் முறையைத் தொடங்கிய லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் ‘மைமோசா நிலோட்டிகா’வாம். வழக்குப் பெயர்களின் குழப்பத்தைத் தீர்க்கவே அறிவியல் பெயர் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவே இப்படி மாறிக்கொண்டிருந்தால், கருவேலம் என்ற சொல்லைவிட அது எந்த வகையில் மேலானது? இந்த மாற்றங்களை யார், எந்த அதிகாரத்தில் முடிவு செய்கிறார்கள்?

சண்முகம்

அன்புள்ள சண்முகம்,

உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடைத்திருக்காது. பெயர் மாற்றங்களில் சில கண்டறிதலால் வருபவை, சில உடன்பாட்டால் வருபவை. கருவேலத்துக்கு இரண்டுமே நேர்ந்தன.

மூன்று பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ‘நைல் நதியைச் சார்ந்தது’ என்று பொருள்படும் நிலோட்டிகா 1753 முதல் அசையவே இல்லை; மாறியதெல்லாம் முதற்சொல்தான். லின்னேயஸுக்கு முன்பு ஒரு செடியின் பெயரே அதன் வருணனையாக, சில சமயம் பத்துப் பன்னிரண்டு லத்தீன் சொற்கள் நீள்வதாக இருந்தது. அதைப்போன்ற வேறொரு செடி கிடைத்துவிட்டால், இரண்டையும் பிரித்துக் காட்டும்படி வருணனையை மாற்ற வேண்டும், அதாவது பெயரையே மாற்ற வேண்டும். லின்னேயஸ் பெயரை வருணனையிலிருந்து விடுவித்தார். இரண்டாம் சொல் இன்ன உயிர் என்று சுட்டுகிறது. பேரினத்தைக் குறிக்கும் முதற்சொல், அதன் நெருங்கிய உறவினர் யார் என்று கூறுகிறது. உறவைப் பற்றிய கூற்று என்பதால் அது சோதனைக்கு உட்பட்டது, தவறு என்று தெரிந்தால் திருத்தப்பட வேண்டியது.

அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்பதை உலர்த்திய செடிகளைப் பாதுகாக்கும் ஒரு ஹெர்பேரியத்தில் நேரில் பார்த்தேன். தடித்த தாள் ஒன்றில் வேலமரத்தின் சிறு கிளை நூலால் தைக்கப்பட்டிருந்தது. இரட்டை இரட்டையாய் நேரான முட்கள். மணிகள் கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கிய, சாம்பல் பூத்த காய்கள். கீழ்மூலையில் சேகரித்தவரின் கையெழுத்தில் ஒரு பெயர், அதன்மேல் பின்னால் வந்த ஒருவர் ஒட்டிய துண்டுச்சீட்டில் இன்னொரு பெயரும் தேதியும் கையொப்பமும், அதற்கும் மேலே மூன்றாவது சீட்டு. முந்தைய சீட்டு எதையும் யாரும் கிழிக்கவில்லை, எந்தப் பெயரையும் அடிக்கவில்லை. அந்தத் தாளின் முன் நான் நெடுநேரம் நின்றேன்.

இனி உங்கள் மரம். பிலிப் மில்லர் 1754-இல் அக்கேசியா என்ற பேரினத்தை நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பெந்தம், ஒன்றோடொன்று ஒட்டாத ஏராளமான மகரந்தத் தாள்கள் என்ற பண்பைக் கொண்டு அதன் எல்லையை வகுத்தார். அந்த எல்லைக்குள் நாளடைவில் 1,300-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் சேர்ந்தன. அவற்றில் ஏறத்தாழ 1,000 ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. பெரும்பாலும் முள் இல்லாதவை. பலவற்றில் இலைக்காம்பே தட்டையாகி இலையின் வேலையைச் செய்கிறது. டி.என்.ஏ. ஒப்பீடுகள் வந்தபோது, இந்த ஆஸ்திரேலிய மரங்கள் கருவேலத்தைவிட, மகரந்தத் தாள்கள் அடியில் இணைந்திருக்கும் வாகையின் கூட்டத்துக்கே நெருங்கியவை என்று தெரிந்தது. பேரினம் என்பது ஒரு மூதாதையின் வழிவந்தவர்களின் குடும்பமாக இருக்க வேண்டுமென்றால், இவற்றை ஒரே பெயரின்கீழ் வைத்திருக்க முடியாது. இந்தப் பிரிப்பு கண்டறிதலின் விளைவு. அதில் எனக்கு ஐயமே இல்லை.

பிரித்த பின் பழைய பெயர் யாருக்கு என்பது வேறு கேள்வி. ஒவ்வொரு பேரினப் பெயருக்கும் நங்கூரமாக ஒரு வகைமாதிரி, அதாவது அந்தப் பெயர் பிணைக்கப்பட்ட ஒரு சிற்றினம், உண்டு. குடும்பம் பிரிந்தால், அந்த வகைமாதிரி இருக்கும் பக்கத்துக்கே பெயர் போகும். அக்கேசியாவின் வகைமாதிரி வேறெதுவும் அல்ல, நம் கருவேலம்தான். அந்தச் சொல்லே, எகிப்தின் முள்மரம் ஒன்றுக்குப் பண்டைக் கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடிஸ் வழங்கிய ‘அகாக்கியா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் விதிப்படி நடந்தால் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,000 பெயர்கள் மாற வேண்டியிருக்கும் என்பதால், வகைமாதிரியையே மாற்றி ஓர் ஆஸ்திரேலியச் சிற்றினத்துக்குத் தரும் முன்மொழிவு வந்தது; பெயர்களை ஆராயும் குழுவும் அதைப் பரிந்துரைத்தது. 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் அதற்கு எதிராகவே விழுந்தன. குழுவின் பரிந்துரையைத் தள்ளுவதற்கு 60 சதவீதம் வேண்டும் என்ற விதியால் அது நிலைத்தது. 2011-இல் மெல்போர்ன் மாநாடும் அதை உறுதிசெய்தது. குறைந்த எண்ணிக்கையில் பெயர் மாறுவது நல்லது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒரு பெயர் எந்த மரத்துக்காகப் பிறந்ததோ, அந்த மரத்திடமிருந்தே அதைப் பறித்தது பிழை என்றே கருதுகிறேன்.

வச்செல்லியா என்பதும் புதிதாகப் புனைந்த பெயர் அல்ல. சீனாவில் செடிகள் சேகரித்த வச்செல் என்ற பாதிரியாரின் நினைவாக, தாவரவியலாளர்கள் ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னாட்டும் 1834-இலேயே வெளியிட்டது அது. பிரிந்த கூட்டத்துக்குப் பொருந்தும் பழைய பெயர் இருக்கும்போது புதிது சூட்ட விதி இடம் தராது.

அதிகாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாவரப் பெயர்களின் விதித்தொகுப்பைப் பொதுவாக ஆறாண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாடு திருத்துகிறது. விலங்குகளுக்குத் தனி விதித்தொகுப்பும் ஆணையமும் உள்ளன. அங்கே பெயர்களின் கணக்கு 1758-இலிருந்து தொடங்குகிறது. இவர்களுடைய அதிகாரம் பெயர் சூட்டும் முறையோடு முடிகிறது. எது எதனோடு உறவு என்பதை எந்த ஆணையமும் வாக்கெடுத்து முடிவுசெய்வதில்லை. அது ஆய்வாளர்கள் வாதிட்டு ஏற்பதோ மறுப்பதோ ஆகும்.

கருவேலம் என்ற சொல்லைத் தாழ்வாக நினைக்க எனக்கு மனம் வராது. கருவேலம், வெள்வேலம், குடைவேலம் என்று அடைமொழியும் இனப்பெயருமாகச் சூட்டியவர்களின் கண் கூர்மையானது; மூன்றும் இன்று வச்செல்லியாவில்தான் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அதே முறையில் பிறந்த சீமைக் கருவேலம் என்ற பெயர் ஓர் உறவைச் சொல்கிறது, அந்த உறவு உண்மையல்ல. அந்த மரம் வேலத்தின் பேரினத்தைச் சேர்ந்ததல்ல. முன்பு வைத்திருந்த புரோசோபிஸ் என்ற பேரினத்திலிருந்தும் 2022-இல் பிரிக்கப்பட்டு நெல்டூமா என்ற பேரினத்துக்குப் போயிருக்கிறது. தமிழ்ப் பெயரில் உள்ள பிழையைத் திருத்த வழி இல்லை, திருத்தவும் தேவையில்லை, அது பேச்சுக்கான பெயர். அறிவியல் பெயரில் பிழை தெரிந்தால் திருத்தியே ஆக வேண்டும். நீங்கள் கேட்ட மேன்மை அதுதான்.

மகளிடம் வச்செல்லியா நிலோட்டிகா என்றே எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் அக்கேசியாவையும் குறித்துக்கொள்ளட்டும். 2005-க்கு முற்பட்ட ஆய்வுகளைத் தேட அந்தப் பெயர்தான் வேண்டும். முழுப்பெயரை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் வரும் ஒற்றை எழுத்து லின்னேயஸைக் குறிப்பது. முதலில் பெயரிட்டவர் அவர், பேரினத்தை மாற்றியவர்கள் வேறு என்று அந்த அடைப்புக்குறி சொல்கிறது.

அன்புடன்.