இங்கிலாந்தில் ஒரே நாளில் நடந்தே சுற்றிப் பார்க்க, வரலாறு நிறைந்த சின்ன ஊர் ஏதாவது சொல்ல முடியுமா?

என் ஓட்டு லூயிஸுக்கு. எழுத்துக் கூட்டிப் படித்தால் லெவெஸ் என்று வரும். அப்படியே சொல்லி டிக்கெட் கேட்டு அசடு வழிந்திருக்கிறேன். பிரைட்டனிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான்.

இந்த ஊரில் எந்தப் பெயரையும் முகமதிப்பில் நம்பக் கூடாது. சவுத்தோவர் பகுதியில் ‘ஆன் ஆஃப் கிளீவ்ஸ் வீடு’ இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் நான்காவது மனைவி வாழ்ந்த வீடாக்கும் என்று ஆவலோடு போனேன். ராணியம்மா அங்கே குடியிருந்ததே இல்லையாம்! 1540-இல் திருமணம் ரத்தானபோது ஹென்றி எழுதிக் கொடுத்த சொத்துகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். இப்போது அருங்காட்சியகம். ஆனாலும் உள்ளே போங்கள். ஒரு சின்ன வெள்ளைக் கவுன் இருக்கிறது.

அந்தக் கவுனின் கதை தெரிய ‘ஸ்னோடிராப்’ என்ற பப் வரை நடக்க வேண்டும். ஸ்னோடிராப் என்பது குளிர்காலத்தில் பூக்கும் ஒரு வெள்ளைப் பூ. பூவின் பெயர் என்று நினைத்துத்தான் நானும் நுழைந்தேன். 1836 டிசம்பர் 27 அன்று, பின்னால் நிற்கும் சுண்ணாம்புக் குன்றின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த பனி மொத்தமாகச் சரிந்து, அடிவாரத்தில் ஏழைத் தொழிலாளிகள் இருந்த வரிசை வீடுகளை மூடிவிட்டது. எட்டுப் பேர் இறந்தார்கள். பிரிட்டனில் அதிக உயிர் குடித்த பனிச்சரிவு நடந்தது ஸ்காட்லாந்து மலைகளில் அல்ல, தெற்கே இந்தக் குட்டி ஊரில்! ஏழு பேரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். அதில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அன்று போட்டிருந்த கவுன்தான் அது. அந்த வீடுகள் இருந்த இடத்தில்தான் பப் நிற்கிறது.

ஹை ஸ்ட்ரீட் ஏற்றத்தில் ‘புல் ஹவுஸ்’. கலால் அதிகாரியாக 1768-இல் வந்த தாமஸ் பெயின் இங்கே புகையிலைக் கடைக்காரர் ஒருவரின் வீட்டில் தங்கி, 1771-இல் அவர் மகளையே மணந்தார். சக ஊழியர்களுக்குச் சம்பளம் போதவில்லை என்று 1772-இல் ஒரு சிறு நூல் எழுதினார். 1774-இல் வேலை போனது. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1776-இல் ‘காமன் சென்ஸ்’ எழுதி அங்கே சுதந்திரப் போருக்கு எண்ணெய் ஊற்றினார். கேட்ட சம்பளத்தைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம்.

அதே தெருவில் ‘காசில் பிளேஸ்’. இகுவானோடான் டைனோசருக்கு 1825-இல் பெயரிட்ட மருத்துவர் கிடியன் மான்டெல் இருந்த வீடு. வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள்: தூண்களின் போதிகையில் நத்தை போலச் சுருண்ட அம்மோனைட் புதைபடிவ வடிவம். புதைபடிவம் தேடியவர் வீட்டுக்குப் பொருத்தம்தான். ஆனால் கட்டியவர் பெயர் ஏமன் (Amon) வைல்ட்ஸ்; அம்மோனைட் (ammonite) என்ற சொல்லோடு ஒலிக்கும் பெயர். தன் பெயரைத்தான் சிலேடையாகச் செதுக்கிவிட்டார் என்பார்கள்.

நவம்பர் 5 மட்டும் வேண்டாம். 1555–57-இல் இங்கே எரித்துக் கொல்லப்பட்ட 17 புராட்டஸ்டன்டுகளின் நினைவாகப் பதினேழு எரியும் சிலுவைகளைத் தூக்கி ஊர்வலம் போவார்கள். கூட்டத்துக்குப் பயந்து, சமீப ஆண்டுகளில் அன்று மாலை ரயில்கூட அங்கே நிற்பதில்லை.